மூன்று தலைமுறைக் கட்டுமான நிறுவனம்: வரலாற்றை எதிலிருந்து எழுதத் தொடங்குவது?

மூன்றாம்தளம்:

வணக்கம். மூன்று தலைமுறையாகக் குடும்பமே நடத்தும் கட்டுமான நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுத வேண்டும். முதல் தலைமுறை கூலி ஒப்பந்தத்தில் தொடங்கியது. இரண்டாவது தலைமுறை நிலம் வாங்கிக் கட்டி விற்றது. இப்போது வருமானத்தில் பெரும்பங்கு கட்டடப் பராமரிப்பிலும் வாடகை நிர்வாகத்திலும் வருகிறது. விளம்பரத்துக்கான நாலு பக்கம் எனக்குத் தேவையில்லை. அடுத்து பொறுப்புக்கு வருபவர்கள் வேலைக்கே எடுத்துப் புரட்டும்படி இருக்க வேண்டும்.

இருப்பவை: பேரேடுகள், ரொக்கப் புத்தகங்கள், வவுச்சர் கட்டுகள், கூலிப் பட்டியல்கள், சுருட்டி வைத்த வரைபடங்கள் (சில நீலம், சில டிரேசிங் தாள், சில துணி போன்றவை), தேதி இல்லாத புகைப்படங்கள், பராமரிப்புப் புகார்ப் புத்தகங்கள். முதல் தலைமுறையின் வேலைகளில் பாதிக்கு மேல் ஒரு காகிதமும் இல்லை, கட்டடம் மட்டும் நிற்கிறது.

என் கேள்விகள்: தொடங்கிய ஆண்டு என்று எதைப் போடுவது? காகிதம் இல்லாத கட்டடத்தின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டுவதிலிருந்து பராமரிப்புக்கு வந்த மாற்றத்தை எதை வைத்து விளக்குவது?

பேரேடு:

ஆண்டு வரிசையில் எழுதத் தொடங்காதீர்கள். கட்டட வரிசையில் தொடங்குங்கள். ஆண்டு வரிசையில் போனால் நல்ல ஞாபகம் உள்ள பத்து ஆண்டுகள் கொழுத்துப்போகும், மற்றவை காலியாகக் கிடக்கும். முதலில் கட்டடப் பதிவேடு ஒன்று போடுங்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரு வரி, ஒரு எண். அந்த எண்ணைப் பிறகு எக்காரணத்துக்கும் மாற்றக் கூடாது. வரைபடம், படம், வவுச்சர், புகார்ப் புத்தகம் எல்லாவற்றிலும் அதே எண் ஏறும். வேலையின் வகை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, உரிமையாளர் வகை என்று பத்திகள் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: ஆவணத்தில் இருந்ததா, கட்டடத்திலேயே பார்த்ததா, யாராவது சொன்னதா. இந்த மூன்றையும் கலந்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து யாராலும் பிரிக்க முடியாது.

தொடங்கிய ஆண்டுக்கு ஒன்று போதாது, மூன்று வேண்டும். முதன்முதலில் ஆட்களை வைத்துக் கூலி கொடுத்த ஆண்டு, சொந்தப் பெயரில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு, நிறுவனம் பதிவான ஆண்டு. மூன்றையும் அப்படியே அச்சிடுங்கள். பெயர்ப்பலகையில் எப்போதும் இருப்பதில் பழையதுதான் ஏறியிருக்கும், அதை நம்பி மற்றதைக் கணக்கிட வேண்டாம். கூட்டாளிப் பத்திரங்கள் இருந்தால் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துங்கள். பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆனால் பங்குதாரர் மாறிய ஒவ்வொரு முறையும் பழைய கூட்டு கலைந்து புதியது உருவானதாகப் பத்திரம் சொல்லக்கூடும். குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்து போன கூட்டாளிகள் பெரும்பாலும் இந்தப் பத்திரங்களில்தான் அகப்படுவார்கள். வீட்டுப் பேச்சில் அவர்கள் பெயர் வராது.

அடுத்தது, "நாங்கள் கட்டியது" என்ற சொல். முழு ஒப்பந்தமா, கூலி மட்டுமா, இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் துணை ஒப்பந்தமா என்பதைப் பேரேடே சொல்லும். கூலியும் சாரவாடகையும் மட்டும் ஏறி, சிமென்ட், கம்பி கொள்முதல் இல்லையென்றால் அது கூலி ஒப்பந்தம். பில் தொகையிலிருந்து "கொடுத்த சிமென்ட்டுக்குப் பிடித்தம்" என்று கழிந்திருந்தால் பொருள் உரிமையாளருடையது. இதைப் பார்க்காமல் எல்லாக் கட்டடத்துக்கும் முழுப் பெருமை எடுத்துக்கொள்ளும் குடும்ப வரலாறுகள் அதிகம். படிக்கும் பழைய பொறியாளர் ஒருவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தேதிகளுக்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, நிறுத்திவைப்புத் தொகை. பில்லில் 5 அல்லது 10 சதவீதம் பிடித்துவைத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலை முடிந்தபின் தெரியும் குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்து விடுவித்திருப்பார்கள். விடுவித்த தேதியிலிருந்து அந்தக் காலத்தை (பெரும்பாலும் 6 மாதம் அல்லது 12 மாதம், ஒப்பந்தத்தில் இருக்கும்) கழித்தால் வேலை முடிந்த தேதிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஆனால் பணம் தர வேண்டியவர் இழுத்தடித்திருந்தால் இந்தக் கணக்கு பின்தள்ளிவிடும், ஆகையால் இது "இதற்குப் பின் இல்லை" என்று சொல்லும் எல்லை மட்டுமே.

இரண்டாவது, கூலிப் பட்டியல். வழக்கமாகப் பத்துப் பேர் வரும் தளத்தில் ஒரே ஒரு நாள் முப்பது நாற்பது பேர் கூலி ஏறியிருக்கும். அன்றைக்கே மிக்சர் வாடகையும் டீசலும் இருக்கும். அதுதான் கூரைத் தளம் போட்ட நாள். அதிலிருந்து 14 முதல் 21 நாள் தள்ளி சென்டரிங் ஆட்களின் (காங்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பவர்கள்) கூலி தனியாக வரும், அது முட்டு பிரித்த நாள். இரண்டும் பொருந்தினால் தேதி உறுதி. மாடிக்கு மாடி இப்படிப் பிடித்தால் வேலை எங்கே நின்றது, எத்தனை மாதம் நின்றது என்பதும் வந்துவிடும். நின்ற மாதங்களின் ரொக்கப் புத்தகத்தைத் திறங்கள், காரணம் அங்கே இருக்கும்: கடன் வட்டி ஏறியிருக்கும், அல்லது ஆட்கள் வேறு தளத்துக்குப் போயிருப்பார்கள்.

வவுச்சரிலிருந்து கட்டடத்தின் அளவையும் சரிபார்க்கலாம். 1:2:4 காங்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்) ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 320 கிலோ சிமென்ட் தின்னும், 50 கிலோ மூட்டையில் 6.4. 1:1½:3 என்றால் 400 கிலோ, 8 மூட்டை. 1:6 கலவையில் (சிமென்ட், மணல்) ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு ஒன்றேகால் மூட்டை. 12 மில்லிமீட்டர் பூச்சு 1:4இல் 10 சதுர மீட்டருக்கு ஒரு மூட்டை. ஆனால் மூட்டை என்றாலே 50 கிலோ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 112 பவுண்டு (50.8 கிலோ), 94 பவுண்டு (42.6 கிலோ) மூட்டைகளும் புழக்கத்தில் இருந்தவை. வவுச்சரில் எடை இருந்தால் அதையே எடுங்கள். கம்பிக்கு விட்டத்தை மில்லிமீட்டரில் வைத்து வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பி 0.89 கிலோ.

இதில் வரலாற்றுக்கு மிக முக்கியமான ஒரு கணக்கு உண்டு. ஆண்டுதோறும் வாங்கிய செங்கல்லையும் கம்பியையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஒரு கட்டத்தில் செங்கல் கூடுவது நின்றுபோய், கம்பி மட்டும் ஏறும். சுவரே பாரம் தாங்கும் கட்டடத்திலிருந்து தூணும் உத்திரமும் பாரம் தாங்கும் சட்டகத்துக்கு நிறுவனம் மாறிய காலம் அது. அந்த மாற்றத்தோடு கம்பி கட்டும் ஆட்கள், சென்டரிங் பலகை, வடிவமைப்புப் பொறியாளர் கட்டணம் எல்லாம் கணக்கில் புதிதாக நுழையும். முதலீடு கூடியதும் அப்போதுதான், கடன் கூடியதும் அப்போதுதான்.

வரைபட அறை:

எழுதுவதற்கு முன் அந்தச் சுருள்களைக் காப்பாற்றுங்கள். மூன்று வகை சொல்லியிருக்கிறீர்கள், மூன்றுக்கும் பக்குவம் வேறு.

நீலத் தரையில் வெள்ளைக் கோடு என்றால் அசல் நீலப்படி. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை அது. வெளிச்சத்தில் வெளிறும், இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும். காரம் அதற்கு ஆகாது. கடையில் "ஆவணப் பாதுகாப்புக்கு" என்று விற்கும் தாள்களில் பலவற்றில் அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்திருப்பார்கள். அதில் நீலப்படியைச் சுற்றினால் நாளாவட்டத்தில் நீலமே போய்விடும். காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைத் தரையில் நீலம் அல்லது கருஞ்சிவப்புக் கோடு, முகர்ந்தால் லேசான நெடி என்றால் அம்மோனியா பிரிண்ட். இதைத் தனியாக வையுங்கள். அதிலிருந்து கசியும் ரசாயனம் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும். துணி போல இருப்பது டிரேசிங் கிளாத், கஞ்சி ஏற்றிய மெல்லிய துணி. தண்ணீர் பட்டால் கஞ்சி கரையும், கஞ்சியோடு மையும் போகும். தூசி தட்ட மென்மையான உலர்ந்த தூரிகை மட்டும். ஈரத்துணி கூடவே கூடாது.

டிரேசிங் தாள் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தால் இழுத்து விரிக்க வேண்டாம். ஓரத்திலிருந்து கிழியத் தொடங்கினால் நடுக்கோடு வரை போகும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிய அறையில் இரண்டொரு நாள் வைத்துவிட்டுப் பிறகு மெதுவாகப் பிரியுங்கள். நிரந்தர இருப்புக்கு 35 முதல் 50 சதவீதம் போதும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். ரப்பர் வளையம், குண்டூசி, கிளிப், பசைநாடா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் போடவே போடாதீர்கள், திரும்பப் பிரிக்க வழியில்லை. வெப்ப அச்சு ரசீதுகள் இருந்தால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். இருக்கும் காகிதங்களில் சீக்கிரம் அழிவது அதுதான்.

ஸ்கேன் அளவு: பேரேடு, கடிதங்களுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), வரைபடத்துக்கு 400, புகைப்படத்துக்கு 600. மூலக் கோப்பை டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்து, பார்ப்பதற்கு பி.டி.எஃப்/ஏ (நீண்டகால இருப்புக்கான பி.டி.எஃப் வகை) எடுங்கள். வரைபடத்தோடு ஒரு அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்வது அவசியம். காகிதம் சுருங்கியிருக்கும், இயந்திரமும் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்திருக்கும், அளவுகோல் இல்லாத நகலிலிருந்து யாரும் எதையும் அளக்கக் கூடாது. எழுதியிருக்கும் பரிமாணத்தை மட்டும் நம்பலாம். கோப்புப் பெயர் கட்டட எண்ணில் தொடங்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

இன்னொன்று. அனுமதிக்குக் கொடுத்த வரைபடமும் தளத்தில் வைத்து வேலை செய்த வரைபடமும் ஒன்றாக இருக்காது. மூலையில் திருத்த எண்ணைப் பாருங்கள். சிமென்ட் கறை, மடித்த தடம், பென்சிலில் கிறுக்கிய அளவு இருப்பதுதான் தளத்தில் புழங்கியது. அழுக்கு என்று ஒதுக்கிவிட்டுச் சுத்தமான பிரதியை வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் என்ன கட்டினார்கள் என்பதற்கு அந்த அழுக்குப் பிரதிதான் சாட்சி. பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள், அதன் மேல் மையால் எழுதவும் வேண்டாம்.

மூன்றாம்தளம்:

இருவருக்கும் நன்றி. கூலிப் பட்டியலில் தளம் போட்ட நாளைப் பிடிக்கலாம் என்பது தோன்றவே இல்லை. காகிதமே இல்லாத கட்டடங்களுக்கு என்ன செய்வது? அவற்றில் சில இன்னும் பராமரிப்பில் இருக்கின்றன, உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

தூக்குக்குண்டு:

உள்ளே போக முடியும் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பொருளை வைத்துச் சொல்லும் காலம் எப்போதும் ஒரு வீச்சுதான், ஒற்றை ஆண்டு கிடைக்காது. அதிலும் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும். போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை எடுத்தது 1824, பிரான்சின் கட்டுமானர் ஹென்னபிக் தன் கம்பிக் காங்கிரீட் முறைக்கு எடுத்தது 1892. உங்கள் பகுதிக்கு அவை எப்போது வந்தன என்பது வேறு கணக்கு. அதற்கு நிறுவனத்தின் கொள்முதல் வவுச்சரே நல்ல ஆதாரம்: தேதி தெரிந்த கட்டடங்களில் எந்தப் பொருள் எப்போது முதலில் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, தேதி தெரியாததை அதோடு ஒப்பிடுங்கள். பொதுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டைவிட அது துல்லியம்.

பார்க்க வேண்டிய இடங்கள் கூரைக்கு அடியிலும், படிக்கட்டுக்கு அடியிலும், மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் இருக்கும். அங்கே யாரும் மறுபூச்சு செய்திருக்க மாட்டார்கள். காரை சுண்ணாம்பா சிமென்ட்டா என்று பாருங்கள். சுண்ணாம்பு நகத்தால் சுரண்ட வரும், உள்ளே வெள்ளைக் கட்டிகள் தெரியும். கம்பி தெரிந்தால் வழுவழு உருளையா, முறுக்கியதா, வரித்தழும்பு உள்ளதா என்று பாருங்கள். தழும்புள்ளதில் வெட்டுமுகத்தைத் தேய்த்து மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் தடவினால் வெளிவட்டம் கருத்துத் தெரிவது நீரால் குளிர்வித்துப் பதப்படுத்திய டிஎம்டி. அது தெரியாவிட்டால் பழைய முறைக் கம்பி. தண்ணீர்க் குழாய் ஈயமா, வார்ப்பிரும்பா, நாக முலாம் பூசியதா, பிவிசியா. மின்கம்பி சுவரில் அறைந்த மெல்லிய மரச்சட்டத்தில் ஓடுகிறதா, குழாய்க்குள்ளா. ஆனால் குழாயும் மின்கம்பியும் மாற்றப்படும் பொருட்கள், கட்டடத்தின் வயதைச் சொல்லாமல் கடைசிப் பழுதின் வயதைச் சொல்லலாம். சுவரில் புதைந்தது எதுவோ அதையே முதல் சாட்சியாக எடுங்கள்.

காங்கிரீட்டின் கார்பனேற்றத்தை (காற்றின் கரியமில வாயு ஊடுருவிக் காரத்தன்மை போவது) வைத்தும் ஒரு குறுக்குச் சோதனை செய்யலாம். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டு, ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாகும் பகுதி காரம் இருக்கும் பகுதி, நிறம் மாறாத வெளிப்பட்டை கார்பனேறியது. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு போகும்: 10 ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால் 40 ஆண்டில் 20. அதே காலத்தில் அதே கலவையில் கட்டிய, தேதி தெரிந்த கட்டடத்தில் ஒரே மாதிரி இடத்தில் (மழை படாத உட்புறத்தூண் போல) அளந்து ஒப்பிட்டால்தான் பயன். பெயின்ட் அடித்த முகம், மழை விழும் முகம், தரம் மாறிய காங்கிரீட் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். தனியாக இந்தச் சோதனையை வைத்து ஆண்டு சொல்ல வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு வரலாற்றைத் தாண்டிய பயனும் உண்டு. வெளிப்பட்டையின் ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு தொடங்கும் நிலை. கம்பி எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதை உடைக்காமல் கவர் மீட்டரில் அளக்கலாம். இரண்டு எண்ணையும் கட்டடப் பதிவேட்டில் எழுதுங்கள். பராமரிப்புத் திட்டத்துக்கு நேரடியாகப் போகும்.

ஒரு எச்சரிக்கை: பழைய கூரைத் தகடு, குழாய் உறை, தரை ஓடு, ஒட்டுப்பசை ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு) இருக்கலாம். வயதறிய என்று அவற்றை அறுக்கவோ துளையிடவோ கூடாது. மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

சாவிக்கொத்து:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கட்டுபவர் ஏன் பராமரிப்பவர் ஆகிறார் என்பதைப் பெரும்பாலும் "காலத்துக்கேற்ப விரிவடைந்தோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையான காரணம் பணப்புழக்கத்தில் இருக்கிறது, அதை எழுதினால்தான் வரலாறு.

இதற்கு லண்டனின் தாமஸ் கியூபிட் (1788–1855) நல்ல பாடம். அதுவரை கொத்தனார், தச்சர், கருமார் என்று தொழிலுக்குத் தொழில் தனி ஒப்பந்தம். அவர் 1815 வாக்கில் எல்லாத் தொழிலாளர்களையும் தன் சம்பளப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்தார். ஆளை நிரந்தரமாக வைத்ததும் அவர்களுக்கு இடைவிடாமல் வேலை காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. ஒப்பந்தம் வராத காலத்திலும் கூலி ஓடும். ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே கட்டத் தொடங்கினார். புளூம்ஸ்பரி, பெல்கிரேவியா, பிம்லிகோ பகுதிகள் அப்படி எழுந்தவை. சாலை, கழிவுநீர், தெருவின் பராமரிப்பு வரை அவர் பொறுப்புக்கு வந்தது. பிறகு சகோதரர்கள் பிரிந்தார்கள்: தம்பி வில்லியம் ஒப்பந்த வேலையைத் தொடர்ந்தார், தாமஸ் நிலத்தோடு நின்றார். உங்கள் நிறுவனத்திலும் இதே இடத்தைத் தேடுங்கள். எந்த ஆண்டில் ஆட்கள் தினக்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள்? அதற்கு எத்தனை ஆண்டு கழித்து முதல் நிலம் வாங்கப்பட்டது?

எதிர்ப்பக்கத்துக்கு ஜப்பானின் கொங்கோ குமி. ஒசாகாவில் ஷிதென்னோஜி கோயிலைக் கட்ட 578இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் குடும்ப நிறுவனம். மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயர் கொடுத்துத் தலைமையில் அமர்த்தும் வழக்கத்தால் வாரிசுப் பஞ்சத்தைக் கடந்தது. 1980களின் நிலவிலை ஏற்றத்தில் கடன் வாங்கி மனை வணிகத்தில் இறங்கியது, விலை சரிந்ததும் கடன் மட்டும் மிஞ்சியது. 2006இல் தொழில் தகமாட்சு என்ற கட்டுமானக் குழுமத்தின் கைக்குப் போனது. கோயில் தச்சு வேலை அதே பெயரில் இன்றும் நடக்கிறது. பதினான்கு நூற்றாண்டு தாங்கிய கைத்திறன் அங்கே தோற்கவில்லை, நிலத்தின் மேல் வாங்கிய கடன் அதை விழுத்தியது. குடும்ப வரலாறு எழுதுபவர்கள் கடன் பக்கத்தைத் தவிர்த்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதையே தவிர்த்ததாகும்.

இனி உங்கள் பேரேட்டில் தேட வேண்டியது. பராமரிப்பு ஒரு நாளில் தொடங்கியிருக்காது. விற்காமல் தேங்கிய வீடுகளுக்கு வரி, காவலாள் சம்பளம், மோட்டார் பழுது என்று செலவு முதலில் "கட்டுமானச் செலவு" தலைப்பிலேயே ஏறியிருக்கும். பிறகு அவற்றில் சில வாடகைக்குப் போயிருக்கும். அதன்பின் விற்ற வீட்டின் உரிமையாளர் வெளியூர் போய், "என் வீட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றிருப்பார். பிறருடைய பணத்தை முதன்முதலாக வாங்கி வைத்து, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்த வரி எதுவோ, அங்கேதான் நிர்வாகத் தொழில் பிறக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடித்துப் படமெடுத்துப் போடுங்கள்.

அங்கேயே முதல் ஆபத்தும் பிறக்கிறது. வாடகையும் முன்பணமும் நிறுவனத்தின் கட்டுமானக் கணக்கிலேயே கிடந்தால், சிமென்ட் பில் வரும் வாரத்தில் அந்தப் பணம் போய்விடும். திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கு அடுத்த குடியிருப்பவரின் முன்பணத்தைத் தேட வேண்டியிருக்கும். பிறர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்று எழுதுங்கள். குடும்ப நிறுவனத்தின் வரலாற்றில் அது புதிய அலுவலகம் திறந்ததைவிடப் பெரிய நிகழ்வு.

இரண்டாவது சிக்கல், கட்டியவரே பராமரித்தால் குறைபாடும் தேய்மானமும் கலந்துபோவது. மொட்டைமாடி மூன்றாம் ஆண்டில் ஒழுகினால் அது கட்டியதில் உள்ள குறை, செலவு கட்டியவருடையது. பதினைந்தாம் ஆண்டில் ஒழுகினால் தேய்மானம், செலவு உரிமையாளர்களுடையது. ஒரே முதலாளி இரண்டு நாற்காலியிலும் இருந்தால் முதல் வகைச் செலவையும் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றும் தூண்டுதல் வரும். அதேபோல் பழுது வேலையை விலை கேட்காமல் தன் கட்டுமானப் பிரிவுக்கே கொடுப்பது. உங்கள் நிறுவனம் இதை எப்படித் தீர்த்தது என்று எழுதுங்கள்: வேறு இருவரிடம் விலைப்புள்ளி வாங்கினார்களா, குறிப்பிட்ட தொகைக்கு மேல் உரிமையாளர் ஒப்புதல் கேட்டார்களா?

புகார்ப் புத்தகங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது நல்ல விஷயம். அவற்றைக் கட்டட எண்படி பிரித்து, மாடி, இடம், பழுதின் வகை என்று பட்டியலிடுங்கள். நேர்மேலே நேர்கீழே உள்ள வீடுகளில் ஒரே குளியலறைச் சுவரில் ஈரம் வந்திருந்தால் அது அந்தக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு. ஒரே காலத்தில் கட்டிய வேறு வேறு கட்டடங்களிலும் அதே பழுது வந்திருந்தால் அது நிறுவனத்தின் வேலைமுறையில் இருந்த குறை. எப்போது நின்றது என்று பார்த்தால் அந்த முறையை எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். கட்டும் பிரிவு பராமரிப்புப் பிரிவிடமிருந்து கற்றுக்கொண்டதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடையாது.

பேரேடு:

சாவிக்கொத்து ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நிலம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பதைத் தனிப் பத்தியாகப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரா, குடும்பத்தில் ஒருவரின் தனிப்பெயரா? நிறுவனத்தின் பணத்தில் வாங்கி ஒருவர் பெயரில் பதிந்த நிலம்தான் பாகப்பிரிவினையில் வெடிப்பது. கிரயப் பத்திரத்தின் தேதியையும் அன்றைய ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணம் எங்கிருந்து போனது என்று தெரியும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தப் பகுதியை எழுதி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வரைபட அறை:

பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆவணங்களை ஒழுங்குபடுத்திய பிறகு கேளுங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள். "எப்படித் தொடங்கினீர்கள்" என்று கேட்டால் ஏற்கெனவே பலமுறை சொன்ன கதைதான் வரும். தளத்தில் புழங்கிய வரைபடத்தையோ புகைப்படத்தையோ முன்னால் விரித்து, "இந்தத் தூணை ஏன் நகர்த்தினீர்கள்", "தண்ணீர் எங்கிருந்து வந்தது", "கலவை கையால் போட்டதா மிக்சரிலா" என்று கேளுங்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணிக்கு மேல் போக வேண்டாம். குடும்பத்தினரோடு நிற்காமல் மேஸ்திரி, கம்பி கட்டியவர், கணக்கு எழுதியவர், லிஃப்ட் பார்த்தவர் ஆகியோரையும் கேளுங்கள். கூலிப் பட்டியலில் நீண்ட காலம் வரும் பெயர்களிலிருந்து ஆளைத் தேடலாம். முடிந்தால் கட்டடத்துக்கே கூட்டிப் போய் நடந்தபடி பேசவிடுங்கள், அடைத்த கிணறும் புதைந்த வால்வும் அப்போதுதான் வெளியே வரும். பதிவை வேவ் (WAV) ஒலிக்கோப்பாக வையுங்கள், பேசுபவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

புகைப்படத்துக்குப் பின்னால் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில் மட்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதுங்கள்.

மூன்றாம்தளம்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. அச்சிடும்போது ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? வாடகைதாரர் விவரம், கூலி விவரம் எல்லாம் போடலாமா?

சாவிக்கொத்து:

எதிரெதிர் இரண்டு பக்கம் போதும். இடப்பக்கம் வரலாறு: வேலையின் வகை, தேதிகளும் அவற்றின் ஆதாரமும், அன்றைய பொருட்கள், தளத்தை நடத்திய மேஸ்திரி (அவரோ குடும்பமோ ஒப்புக்கொண்டால்), ஒரு படம். வலப்பக்கம் பராமரிப்பு: முதன்மை வால்வும் மின்துண்டிப்பும் இருக்கும் இடம், கூரை நீர்த்தடுப்பு எந்த ஆண்டில் எந்த முறையில் போட்டது, மோட்டார், லிஃப்ட், வெளிப்பூச்சு கடைசியாக எப்போது, கார்பனேற்ற ஆழமும் கம்பி மேல் உள்ள காங்கிரீட்டின் கனமும். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் ஆயுளையும் போடுங்கள். வெளிப்பூச்சுக்கு 5 முதல் 7 ஆண்டு, கூரை நீர்த்தடுப்புக்கு 10 முதல் 15, லிஃப்டின் பெரிய புதுப்பிப்புக்கு 20 முதல் 25 என்று தோராயமாகத் தொடங்கி, சொந்தப் புகார்ப் புத்தகம் காட்டும் எண்ணால் திருத்துங்கள். மாற்றும் செலவை ஆயுளால் வகுத்தால் ஆண்டுக்கு ஒதுக்க வேண்டிய தொகை வந்துவிடும்.

வாடகைதாரர் பெயர், வாடகைத் தொகை, தனியாள் கூலி, சாவி எண், பாதுகாப்புக் கருவிகளின் இடம் எதுவும் அச்சில் வேண்டாம். அவை அலுவலகப் பிரதியில் மட்டும். பிறருக்குச் சொந்தமான கட்டடத்தின் உள்படங்களுக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வலப்பக்கத்தை மட்டும் கழற்றிச் செருகும்படி கட்டிவிட்டால், பழுது பார்த்த அன்றே அந்தத் தாளை மாற்றிக்கொள்ளலாம், பழைய தாளைக் கட்டட எண் போட்ட உறையில் சேருங்கள்.